எண்ணெய் அழுத்தம்: விளக்கு சொல்வது மெய்யா?

மோட்டார் வண்டியின் முன்பலகையில் பல விளக்குகள் உண்டு. அவற்றுள் மூக்குக் கெண்டியின் வடிவில், நுனியில் ஒரு துளி சொட்டுவதுபோல் அமைந்த சிவப்பு விளக்கைப் பலரும் கவனித்திருப்பார்கள். சாவியைத் திருப்பியதும் அது எரியும்; எஞ்சின் ஓடத் தொடங்கிய இரண்டொரு விநாடிகளில் அணைந்துவிடும். அதன்பின் பயணம் முடியும்வரை அது மீண்டும் எரியக்கூடாது என்பதே முறை. சில வண்டிகளில் விளக்கோடு முள் அசையும் மானி ஒன்றும் இருக்கும். எஞ்சினுக்குள் ஓடும் மசகெண்ணெயின் அழுத்தத்தை நமக்கு அறிவிக்கும் தூதுவர்கள் இவை.

விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் நாம் செய்ய வேண்டியது தெளிவு. வண்டியை உடனே நிறுத்த வேண்டும். தொல்லை தருவது இடைப்பட்ட நிலை. ஐ.டி.ஓ. சந்திப்பில் வழி கிடைக்கக் காத்து நிற்கும்போது விளக்கு மினுக்கும். வண்டி நகர்ந்ததும் மறையும். பட்டறைக்குக் கொண்டு சென்றால் ஒழுங்காக இருக்கும்; வீடு திரும்பும் வழியில் மறுபடியும் கண் சிமிட்டும். மிஸ்திரி, "எப்போது வருகிறது?" என்று கேட்பார். நாமும் அறிந்த அளவு இந்தியில், "கபீ கபீ" என்று விடை கூறுவோம். அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு எந்தக் கைதேர்ந்த மிஸ்திரியும் ஒன்றும் செய்ய இயலாது. ஒன்று, "சென்சார் கெட்டுவிட்டது, கவலை வேண்டாம்" என்பார், அல்லது, "எஞ்சினைப் பிரித்தாக வேண்டும்" என்பார். முதலாவது தவறானால் எஞ்சின் போயிற்று; இரண்டாவது தவறானால் பணம் போயிற்று.

இந்த இரு தவறுகளுக்கும் இடையே ஒரு வழி உண்டு. 'எப்போதாவது' என்னும் விடையை, 'இன்ன வேளையில், இன்ன நிலையில்' என்னும் விடையாக மாற்ற வேண்டும். பிறகு, வண்டியிலுள்ள கருவி சொல்வதை வேறொரு கருவியால் சரிபார்க்க வேண்டும். எஞ்சினைப் பிரிப்பது இவ்விரண்டுக்கும் பின்னர்தான்.

அழுத்தம் என்பது என்ன?

எண்ணெய் வழவழப்பானது, ஆகையால் உராய்வைக் குறைக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மை அதனினும் வியப்பானது. 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்னும் பொறியாளர் ரெயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை இட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும், உள்ளே இறங்க வேண்டிய எண்ணெய் அத்துளை வழியே மேலே பொங்கி வந்தது. துளையை மரக்கட்டையால் அடைத்தார். கட்டை மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டது. அழுத்தமானி ஒன்றைப் பொருத்திப் பார்த்தபோது, சதுர அங்குலத்திற்கு 200 பவுண்டுக்கு மேல் அழுத்தம் அங்கே இருப்பது தெரிந்தது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று, குறுகிய இடுக்கில் செலுத்தி, அதன்மேல் தானே மிதக்கிறது! இதற்கான கணித விளக்கத்தை ஆஸ்பார்ன் ரேனால்ட்ஸ் 1886ஆம் ஆண்டில் அளித்தார்.

நம் காரின் கிராங்க் தண்டும் இவ்வாறே மிதக்கிறது. தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையிலுள்ள இடைவெளி, பெரும்பாலான கார்களில், ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவினது. தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு என்றே சொல்லலாம். அந்த மெல்லிய படலம் அறாமலிருக்க எண்ணெய் இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். அதற்காகத்தான் பம்பு. எஞ்சினின் அடியிலுள்ள சம்ப் என்னும் தொட்டியிலிருந்து ஒரு சல்லடை வழியாக அது எண்ணெயை உறிஞ்சி, பில்டர் வழியாகப் பேரிங்குகளுக்கு அனுப்புகிறது.

பம்பு அனுப்புவது எண்ணெயை; அழுத்தத்தை அன்று. தோட்டத்து ரப்பர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் நீர் சீறிப் பாய்கிறது. விரலை எடுத்தால் சோர்ந்து விழுகிறது. குழாயில் வரும் நீர் ஒன்றே, எதிர்ப்புத்தான் வேறு. எஞ்சினில் அந்தக் கட்டைவிரலின் வேலையைச் செய்பவை பேரிங்குகளின் நுண்ணிய இடைவெளிகள். இடைவெளி இரு மடங்கானால், அதன் வழியே ஒழுகும் எண்ணெய் ஏறக்குறைய எட்டு மடங்காகும்.

இதைப் புரிந்துகொண்டால் குறைந்த அழுத்தத்திற்கு நான்கே காரணங்கள் இருக்க முடியும் என்பது விளங்கும். வரும் எண்ணெய் குறைந்திருக்கலாம். எண்ணெய் நீர்த்துப் போயிருக்கலாம். வெளியேறும் வழி அகன்றிருக்கலாம். அல்லது, அழுத்தம் சரியாகவே இருந்து கருவி பொய் சொல்லலாம்.

கருவியும் பொய் சொல்லும்

கடைசிக் காரணத்தை முதலில் ஆராய்வது நலம். 2024ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள், டில்லியின் வடமேற்கு எல்லையிலுள்ள முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி வெப்பத்தைக் காட்டியது. செய்தி நாடெங்கும் பரவியது. அதே நாளில் சப்தர்ஜங் நிலையம் காட்டியதோ 46.8 டிகிரி. வானிலைத் துறையினர் முங்கேஷ்பூர் எண்ணை உடனே ஏற்கவுமில்லை, உடனே தள்ளவுமில்லை. நம்பத்தக்க அளவுகருவி ஒன்றை அங்கே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தனர். நிலையத்தின் உணர்கருவி ஏறக்குறைய 3 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்று கண்டு அறிவித்தனர். வெயில் கடுமையாக இருந்தது உண்மை. எண் மட்டும் உண்மையன்று.

காரில் உள்ள அழுத்த சுவிட்ச் அந்த உணர்கருவியைவிட எளியது. எஞ்சினின் சூட்டிலும் அதிர்விலும் பல்லாண்டுகள் உழைப்பது. பல வண்டிகளில் சதுர அங்குலத்திற்கு 4 முதல் 7 பவுண்டுக்குக் கீழே அழுத்தம் இறங்கினால்தான் அது விளக்கை எரிய விடும். ஆகவே, விளக்கு எரியவில்லை என்பது எஞ்சினின் நலத்திற்குச் சான்றாகாது. மிக மோசமான நிலை இன்னும் வரவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். முள்ளுள்ள மானியையும் முழுவதும் நம்புவதற்கில்லை. ஜப்பானிய மாஸ்டா நிறுவனத்தின் மியாட்டா காரில், 1995ஆம் ஆண்டு மாதிரி முதல், மானி வெறும் சுவிட்சோடு இணைக்கப்பட்டது. போதிய அழுத்தம் இருந்தால் முள் ஏறக்குறைய நடுவில் நிற்கும், அவ்வளவே.

வேளையைக் கொண்டு நோயை அறிதல்

இனி, விளக்கு எப்போது மினுக்குகிறது என்று பார்ப்போம். ஒரு சிறு குறிப்பேட்டை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும், வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருந்தது, நின்றிருந்ததா, வேகமாகச் சென்றதா, திரும்பியதா, பள்ளத்தில் இறங்கியதா என்று இரண்டு வரி எழுதுங்கள். பத்து நாட்களில் அக்குறிப்பேடு பேசத் தொடங்கும்.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், வண்டி நிற்கும்போது மட்டும் மினுக்கி, ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தியதும் மறைந்தால், எண்ணெய் நீர்த்திருக்கிறது அல்லது இடைவெளிகள் தேய்ந்து அகன்றிருக்கின்றன என்று ஐயுறலாம். டில்லியில் அதிகமாகக் காணப்படுவது இதுவே. 15டபிள்யூ-40 என்னும் தரத்து எண்ணெய், 40 டிகிரியில் உள்ள தடிப்பில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கையே 100 டிகிரியில் கொண்டிருக்கும். மே மாதத்து நண்பகலில், நகராத வண்டி வரிசையில், சம்ப்பின்மேல் காற்றும் வீசாது. பம்பும் மெதுவாகவே சுழலும். ஜனவரிக் காலையில் தடித்த எண்ணெய் மறைத்துவைத்த தேய்வு, மே மாதத்தில் இவ்வாறு வெளிப்படும். 'ஆறு மாதமாக ஒன்றுமில்லை' என்பதனால் ஒன்றுமில்லை என்றாகாது.

ஆயினும் பேரிங்கின்மேல் பழி போடுமுன் எளியவற்றைப் பார்க்க வேண்டும். எஞ்சின் நின்ற நிலையில் ஓடும் சுழற்சி வேகம் குறைந்திருக்கிறதா? ஊற்றிய எண்ணெய் கையேட்டில் சொன்ன தரந்தானா? அதில் பெட்ரோல் கலந்திருக்கிறதா? குளிர்காலத்தில் எஞ்சின் சூடேறுமுன் நின்றுவிடும் குறுகிய பயணங்களால் பெட்ரோல் எண்ணெயில் கலக்கும். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய வண்டிகளில் பெட்ரோல் பம்பின் ஜவ்வு கிழிந்தாலும் பெட்ரோல் சம்ப்பில் இறங்கும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஊற்றாமலே எண்ணெய் மட்டம் உயர்கிறது என்றால் மகிழ வேண்டாம். உயர்வது எண்ணெய் அன்று.

திருப்பத்திலும், திடீரென்று பிரேக் போடும்போதும், செங்குத்தான சரிவிலும் மினுக்கினால், சம்ப்பில் எண்ணெய் குறைவு. எண்ணெய் ஒருபுறமாக ஒதுங்க, சல்லடை காற்றை உறிஞ்சுகிறது. சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சில நிமிடம் பொறுத்துக் குச்சியைப் பார்த்தால் தெரிந்துவிடும். அளவுக்கு மீறி ஊற்றுவதும் கேடே. சுழலும் கிராங்க் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையால் அழுத்தம் தாங்காது.

நெடுந்தூரம் வேகமாக ஓடும்போது அழுத்தம் இறங்கி, வண்டியை நிறுத்திச் சிறிது நேரம் கழித்து ஓட்டினால் சரியாகிறதென்றால், சல்லடை அடைபட்டிருக்கலாம். கசடும், சம்ப்பை ஒட்ட மிகுதியாகப் பூசிய சிலிக்கோன் பசையின் துணுக்குகளும் ஓட்டத்தில் சல்லடையில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் உதிர்ந்துவிடும். நம் ஊர்ச் சாலைகளுக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. உயரமான வேகத்தடையில் சம்ப் இடித்து உட்குழிந்தால், சல்லடைக்கும் அடித்தட்டுக்கும் இடையே எண்ணெய் நுழையும் வழி குறுகிவிடும். குனிந்து பார்த்தாலே தெரியும் குழிக்காக எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு.

இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது மட்டும் விளக்கு வழக்கத்தைவிட நீண்ட நேரம் எரிந்தால், பில்டரைச் சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் பின்னோக்கி வடிந்துவிடாமல் காக்கும் ரப்பர் வால்வு நல்ல பில்டரில் உண்டு. போலிச் சரக்கில் அது சரியாக வேலை செய்யாது.

எந்த ஒழுங்குமின்றி, பள்ளத்தில் சக்கரம் விழுந்தபோதும் மழை பெய்தபோதும் விளக்கு எரிந்தால், அல்லது முள் ஒரே துள்ளலில் சுழிக்கு வீழ்ந்து மறுகணமே மேலே ஏறினால், மின்கம்பியைப் பாருங்கள். ஒற்றைக் கம்பியுள்ள பழைய வகைச் சுவிட்சுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, சுவிட்சிலிருந்து கம்பியைக் கழற்றுங்கள். விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால், கம்பி எங்கோ உறை தேய்ந்து எஞ்சினின் உடலைத் தொடுகிறது. கணிப்பொறி கட்டுப்படுத்தும் புது வண்டிகளுக்கு இச்சோதனை பொருந்தாது. மேலும், அழுத்தத்தை மட்டுப்படுத்தும் ரிலீப் வால்வில் ஒரு துகள் சிக்கி, அது மூடாமல் நின்றாலும் அழுத்தம் திடீரென்று விழக்கூடும். ஆதலால் கம்பியைப் பார்த்ததோடு நின்றுவிடக் கூடாது.

இரண்டாவது கருவி

குறிப்பேடு ஐயத்தைத் திசை காட்டும். தீர்ப்பு அளிப்பது அளவு. மின்சாரத் தொடர்பே இல்லாத, குழாயோடு கூடிய அழுத்தமானி ஒன்று பட்டறைகளில் உண்டு. கரோல் பாகிலோ காஷ்மீரி கேட்டிலோ உள்ள மோட்டார் உதிரிப் பாகக் கடைகளில் வாங்கவும் செய்யலாம். அதற்குள்ளிருக்கும் வளைந்த குழல், பிரான்சு நாட்டு யூஜின் பூர்தோன் 1849ஆம் ஆண்டில் கண்ட அமைப்பு. அழுத்தம் ஏறினால் வளைவு நிமிர்ந்து முள்ளைத் தள்ளும். சுவிட்சைக் கழற்றி, அதே துளையில், மரை பொருந்துகிறதா என்று பார்த்து, இதைப் பொருத்த வேண்டும். குழாய் புகைபோக்கியின் சூட்டில் படக்கூடாது.

வண்டியை இருபது நிமிடமாவது ஓட்டி எஞ்சினை முழுவதும் சூடாக்கிய பிறகே அளக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அளந்தால் நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கிய வேளையில் வெப்பமானி வைத்ததுபோல் ஆகும். நின்ற நிலையில் ஓர் அளவு, நிமிடத்திற்கு 2,000 சுழற்சியில் ஓர் அளவு, 3,000 சுழற்சியில் ஓர் அளவு எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். கையேட்டில் உள்ள எண்ணே முடிவானது. கையேடு இல்லாவிட்டால், ஒவ்வோர் ஆயிரம் சுழற்சிக்கும் சதுர அங்குலத்திற்குச் சுமார் 10 பவுண்டு என்பது பட்டறைகளில் வழங்கும் பொதுக் கணக்கு. சில மானிகள் பார் என்னும் அளவில் காட்டும். ஒரு பார் என்பது 14.5 பவுண்டு.

விளக்கு மினுக்கும் அதே வேளையில் இந்த மானி நல்ல அளவைக் காட்டினால், சுவிட்சையோ கம்பியையோ மாற்றினால் போதும். பழைய வண்டிகளில் அது சில நூறு ரூபாய் வேலை. எல்லா வேகத்திலும் குறைவாக இருந்தால் ரிலீப் வால்வும் பம்பும். வேகம் ஏற ஏற இறங்கினால் சல்லடை. முள் நிலையின்றி நடுங்கினால் எண்ணெயில் காற்று. நின்ற நிலையில் மட்டும் குறைந்தால், எண்ணெயையும் பில்டரையும் மாற்றி மீண்டும் அளக்க வேண்டும். அப்போதும் குறைந்திருந்தால், கழற்றிய பில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ துகள்கள் மின்னினால் அவை பேரிங்கின் துகள்கள். எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும். அப்போது செலவிடும் பணம் வீணன்று.

இவ்வளவும் செய்யாமல், தடித்த எண்ணெயை ஊற்றி விளக்கை அணைத்துவிடுவது சிலர் வழக்கம். அது நோயை ஆற்றுவதன்று, மறைப்பது. புதிய எஞ்சின்களின் நுண்ணிய வழிகளில் தடித்த எண்ணெய் வேண்டிய வேகத்தில் ஓடாது.

விளக்கு மெய் சொல்லும்போது

கருவியின் பொய்யைப் பற்றி இவ்வளவு சொன்னதால், விளக்கை அலட்சியம் செய்யலாம் என்று யாரும் கொள்ள வேண்டாம். சென்னையை அடுத்த மறைமலைநகரில் போர்டு நிறுவனத்தார் ஈகோஸ்போர்ட் என்னும் காரைக் கட்டி அமெரிக்காவுக்கும் அனுப்பி வந்தனர். அத்தொழிற்சாலையில் உற்பத்தி 2022இல் நின்றது. அக்காரின் ஒரு லிட்டர் எஞ்சினில் எண்ணெய் பம்பை ஒரு பெல்ட் சுழற்றுகிறது. அந்தப் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் கை உடையக்கூடும், பெல்ட்டின் பற்கள் சிதையக்கூடும் என்று கண்டு, 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஏறக்குறைய 1,40,000 வண்டிகளைச் சீர்செய்வதற்காக நிறுவனம் திரும்ப அழைத்தது. 2018 முதல் 2022 வரையிலான ஈகோஸ்போர்ட்டும், 2016 முதல் 2018 வரையிலான போக்கஸ் காரும் அவற்றுள் அடங்கும். பெல்ட் போனால் எண்ணெய் அழுத்தம் போகும், எஞ்சின் கெடும், பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசையும் குறையும். அத்தகைய நிலையில் சிவப்பு விளக்கு சொல்வது முற்றிலும் மெய்.

டில்லியிலிருந்து சொந்த ஊருக்குக் காரிலேயே செல்லும் குடும்பங்கள் இன்று பல. ஆக்ரா, குவாலியர், நாகபுரி, ஐதராபாத், பெங்களூரு, சேலம் வழியே மதுரைக்கும் கன்னியாகுமரிக்கும் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். அங்கே விளக்கு நிலையாக எரிந்தால், 'அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம்' என்று எண்ணக் கூடாது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சில நிமிடம் கழித்துக் குச்சியைப் பாருங்கள். வண்டிக்கு அடியில் எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்று பாருங்கள். மட்டம் குறைந்திருந்து, ஒழுக்கும் இல்லையென்றால், எண்ணெய் ஊற்றி, விளக்கு அணைகிறதா என்று பார்த்துச் செல்லலாம். மட்டம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தாலோ, எஞ்சினில் தட்டும் ஓசை கேட்டிருந்தாலோ, மறுபடியும் கிளப்பாமல் வண்டியை ஏற்றிச் செல்ல ஏற்பாடு செய்வதே அறிவுடைமை. எண்ணெயின்றி எஞ்சின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் பேரிங்கைத் தின்னும்.

பயணம் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பாக இந்தச் சோதனைகளைச் செய்து முடித்துவிடுங்கள். பட்டறைக்குச் செல்லும்போது குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள். "கபீ கபீ" என்பதற்குப் பதிலாக, "எஞ்சின் கரம் ஹோனே கே பாத், காடி கடீ ஹோ தோ" என்று ஒரு வாக்கியம் கூறினால் போதும். சூடேறிய பின், வண்டி நிற்கும்போது என்பது அதன் பொருள். பிறகு, எதையும் கழற்றுமுன் மானியை வைத்து அளந்து காட்டுமாறு கேளுங்கள். நல்ல மிஸ்திரி அதை அவமதிப்பாகக் கொள்ள மாட்டார். தம் வேலை பாதி முடிந்ததாகவே கருதுவார்.